கிளியின் அடி

‘இந்தக் கால்கள் ஓட்டத்தை மறந்திருக்குமா?’ தாணம்மாள் பாதங்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த பங்குனி. பூதப்பாண்டியிலிருந்து குடும்பமே கட்டுச்சோற்றோடு வில்வண்டியில் ஆற்றங்கரை மாந்தோப்புக்கு வந்திருந்தது. பிள்ளைகள் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். பெண்கள் அறுத்த வயலில் சாம்பலால் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடினார்கள். நடுக்கோட்டில் ஓடுகிறவள் கிளி. தாண்ட வருகிறவள் முதுகில் கிளியின் அடி விழுந்தால் அவள் ஆட்டத்திலிருந்து வெளியே.

இன்று கிளி, தாணம்மாளின் நாத்தனார் நாகம்மை. அடுத்த மாதம் கல்யாணம். இனி ஓடவே விடமாட்டார்கள் என்பதுபோல ஓடினாள்.

“மைனி, வயித்துல பிள்ளை மட்டும் இல்லேன்னா இன்னைக்கு உங்க முதுகு வீங்கியிருக்கும்!”

“வாயைக் கழுவுட்டீ!” என்று மாமியார் அதட்டினாள்.

தன்னுடைய நல்ல சேலையை நாலாய் மடித்து மாமர நிழலில் மருமகளுக்கு விரித்துக் கொடுத்திருந்தாள் மாமியார். அதன்மேல் உட்கார்ந்திருப்பதுதான் தாணம்மாளுக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை என்று மார்கழியில் தாழக்குடியில் மகனுக்கு இரண்டாவது பெண் பேசியவள் இதே மாமியார்தான். தையில் தாணம்மாளின் கணவன் சிவதாணு, “அவ குளிக்காம இருக்கா, பிள்ளை உண்டாயிருக்கு” என்று சொன்னதும் மறுநாளே, பெண் வேண்டாமென்று தாழக்குடிக்கு ஆள் போயிற்று. அன்றிலிருந்து தாணம்மாளைக் குடம் தூக்கவிடவில்லை. இவளுக்குப் பிடித்த பொரியலைத் தன் இலையிலிருந்து எடுத்து இவள் இலையில் வைத்தாள்.

சிவதாணு பக்கத்தில் வந்து நின்றான்.

“எழும்பி ஒரு ஆட்டம் ஆடேன். காலு மரத்துப்போகும்.”

மாமியார் பாய்ந்தாள். “ஏலே, கிறுக்குப் பயலே! மூணாம் மாசத்துல பிள்ளைத்தாச்சியை ஓடச் சொல்லுகியா?”

“ஒரு ஆட்டந்தானே எம்மா.”

“நீ ஒண்ணு பெத்துப் பாரு, தெரியும்!”

ஊஞ்சலருகே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் நகரவில்லை. மாமியார் இலை போடப் போனதும் குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினான்.

“அம்மை போயாச்சு. இப்பம் போ.”

“இதுக்கு நான் வரலேன்னு வண்டியிலேயே சொன்னேன்.”

“நாகு கையை ஓங்குவா பாரு, அப்பம் அப்படியே விழுந்திரு. முகம் குப்புற. மிச்சத்தை நான் பாத்துக்கிடுகேன்.” பிடுங்கிய புல்லைக் கீழே போட்டான். “இதை விட்டா வேற நாள் வாய்க்காது, பிள்ளே.”

தாணம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் இவளைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நாகம்மை வியர்த்து, முடி அவிழ்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

“மைனி! சும்மா நடந்து வாங்க. நான் அடிக்க மாட்டேன், பூவைப்போல தொடுகேன். என் கூட ஒரே ஒரு ஆட்டம்!”

“போ,” என்றான் சிவதாணு. “அவளே கூப்பிடுகா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

அந்தக் கைகளைத் தாணம்மாள் பார்த்தாள். இன்னும் ஒரு மாதத்தில் மருதாணி இடவேண்டிய கைகள். அவை தன் முதுகில் பட்டபின் எப்படி நடுங்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். இலை போட்ட இடத்திலிருந்து மாமியார் இவளுக்கென்று ஒரு பங்கைத் தனியே எடுத்து மூடி வைப்பது தெரிந்தது.

“மாட்டேன்,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “தாழக்குடிப் பொண்ணு வந்தா வரட்டும். என்னைக் காப்பாத்த நீங்க சொன்ன பொய்யை அத்தைகிட்ட நானே சொல்லிருகேன். என் வயித்துல இல்லாத பிள்ளையை அடிச்சுக் கொன்னுட்டேன்னு நாகு ஆயுசுக்கும் அழாண்டாம்.”