வாளித் தண்ணீர்

பிலோமினா அக்கா மெருகேற்றக் கொடுத்துவிட்டுப் போன கிதாரின் முதுகில், லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு காய்வதற்குள் யாரோ விரல் வைத்த தடம் இருந்தது. சின்னக் கட்டைவிரல், ரேகையோடு. எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் பழுது. உப்புத்தாளை வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். ரேகைகள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் பிடித்தேன். பூச்சில் என் முகம் தெரிந்தது.

மாலையில் வந்த அக்கா கிதாரை நேராக முதுகுப்பக்கம் திருப்பினார். அந்த இடத்தைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சேம்மா."

"பழுதுக்கா. எடுத்துட்டேன். இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு."

"எங்க ஜோயல் வச்சது. அவங்கப்பா பூசிட்டு டீ குடிக்கப் போயிருந்தாரு. அப்ப அவனுக்கு ஆறு வயசு. ஏழு வரவே இல்ல."

கண்ணாடி மாதிரி இருந்த அந்த இடத்தை நானும் தொட்டுப் பார்த்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"தேய்ச்ச தண்ணி இதுதானா?"

வாளியில் அது பாலாக வெளுத்து நின்றது. தலையசைத்தேன். வளையல்களை மேலே தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் அதற்குள் கையை விட்டார்.