ஏழாவது மேடையேற்றம்

கனிசியஸ் செத்துக் கிடந்ததைப் பார்த்து, அவனுக்கு மாமியாராகப் போகிற லூர்த்தம்மா கைதட்டினார்.

"என்ன மாதிரி விழுந்தான் பாத்தியளே! உண்மையா கடல் கொண்டுவந்து ஒதுக்கின மாதிரியெல்லோ கிடக்கிறான்."

யுத்தத்தால் மின்சாரம் நின்று மூன்று வருடமான யாழ்ப்பாணத்துக் குருநகர். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, பட்டப்பகலில் இரவல் ஜெனரேற்றரில் வீடியோ டெக் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பாரிஸ் மேடை.

செபநாயகம் மாஸ்ரர் எழுதிய 'ஒற்றைத் துடுப்பு' நாவலை அங்குள்ள நாடக மன்றம் நாடகமாக்கியிருந்தது. பாரிசில் இரண்டு தரம், சூரிச்சில் ஒன்று, லண்டனில் இரண்டு, ஒஸ்லோவில் ஒன்று. மறுபடி பாரிசில் போட்ட ஏழாவது மேடையேற்றத்தின் கசெற்றை மன்றத்தார் மாஸ்ரருக்கு ஆள்மூலம் அனுப்பியிருந்தார்கள்.

கனிசியசுக்கு மீனவன் வேடம். ஒவ்வொரு மேடையேற்றம் முடிந்ததும் மாஸ்ரருக்குக் கடிதம் எழுதுவான். 'இஞ்சை எனக்கு ஆர் இருக்கினம் மாஸ்ரர், உங்கடை நாடகம்தான்' என்று ஒருமுறை எழுதினான்.

அந்தக் கடிதங்களை நம்பித்தான் மாஸ்ரர் லூர்த்தம்மாவின் மூத்தவள் அற்புதராணிக்கு இந்தச் சம்பந்தத்தைப் பேசினார். திங்கட்கிழமை அவள் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறாள். அங்கிருந்து பாரிஸ். அங்கேதான் கலியாணம்.

"எழுதின ஆள் நீங்கள், ஒரு சிரிப்பையும் காணேல்லை" என்றார் பெண்ணின் தகப்பன் மரியரட்ணம். "வெளிநாடெல்லாம் ஓடுது, இன்னும் என்ன வேணும்?"

"பொறும், பாப்பம்" என்றார் மாஸ்ரர்.

மேடையில் பெண்கள் சவத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்தார்கள். அப்போது ஓரத்திலிருந்து நாலு வயதுப் பெட்டைப்பிள்ளை ஒன்று ஓடிவந்தது. சிவப்புக் குளிர்க்கோட்டு, காலில் சப்பாத்து.

"பப்பா, எழும்புங்கோ! பப்பா!" என்று சவத்தின் நெஞ்சில் விழுந்து அலறியது. ஒப்பாரி வைத்தவர்கள் பாட்டை மறந்து நின்றார்கள்.

லூர்த்தம்மா மூக்கைச் சிந்தினார். "உந்தக் குஞ்சு என்னமா நடிக்குது!"

"மீன்பிடிக்கிறவன்ரை பிள்ளைக்குச் சப்பாத்தைப் பாருங்கோவன்" என்று மரியரட்ணம் சிரித்தார். "கழட்டிவிட ஒருத்தருக்கும் தோணேல்லை."

திரையில் சவம் ஒரு கையை மெல்ல எடுத்துப் பிள்ளையின் முதுகைத் தடவியது. வீடே சிரித்தது.

"அக்கா, உன்ரை ஆளுக்கு ஒழுங்காச் சாகவும் தெரியேல்லை" என்று தங்கச்சி இடித்தாள்.

"சும்மா இரடி" என்றாள் அற்புதராணி. முகம் சிவந்திருந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை.

மாஸ்ரர் எழுந்துபோய் டெக்கை நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினியள்?" லூர்த்தம்மா கேட்டார். "சப்பாத்துக்கு வெக்கப்படுறியளோ? ஆர் மாஸ்ரர் உதைப் பெரிசா எடுக்கப் போகினம்!"

மாஸ்ரரால் அற்புதராணி இருந்த பக்கம் திரும்ப முடியவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் எழுதின கதையிலை பிள்ளையே இல்லை, லூர்த்தம்மா."