யாரும் தட்டாத மணி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்துகொண்டேதான் ஸ்டேஷன் நாய் செம்பி இதைத் தன் குட்டிகளுக்குச் சொன்னாள்.

முன்பெல்லாம் ரயில் வரும் முன், பிளாட்பாரத் தூணில் தொங்கும் தண்டவாளத் துண்டைத்தான் மணியாகத் தட்டுவார்கள். மின்சார ரயில் வந்த பிறகு யாரும் தட்டுவதில்லை. ஒருநாள், வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லையே என்று, எதிர் பிளாட்பாரத்தில் விட்டுவந்த குட்டிகளிடம் போகச் செம்பி தண்டவாளத்தில் இறங்கப் போனாள்.

"நில்லுடி. நிற்காத வண்டி வருது," என்றது மணி.

"உன்னைத்தான் யாரும் தட்டலையே அக்கா?"

"தட்டலைன்னா என்ன? நானும் தண்டவாளம்தானே. கூடப் பிறந்தது நடுங்கினா எனக்குத் தெரியாதா?"

செம்பி காலை இழுத்துக்கொண்டாள். அவள் மூக்கை உரசுகிற மாதிரி வண்டி பறந்தது.

"நீ நல்லா இருக்கணும் அக்கா. நாளைக்கும் சொல்லுவியா?"

"சொல்றேன். ஆனா பாலம் எதுக்கு இருக்கு? படியேறினா கால் தேஞ்சிடுமா?"

அன்றைக்கே செம்பி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு, பாலத்தின் படியேறி இறங்கி, அந்தத் தூணடிக்கே குடிவந்துவிட்டாள்.