போயிட்டு வரேன்

வறண்ட குளத்து மீன்கொத்தி ஒன்று, பாய்ந்து மீன் பிடிக்கும் வித்தையைப் படிக்கப் பெரிய ஏரிக்கு வந்தது. படித்து முடிக்கும்வரை தங்கலாம் என்று காவல்கார ஆமை அனுமதி எழுதிக் கொடுத்தது. பாதிப் படிப்பில், அம்மாவுக்குச் சிறகு ஒடிந்த செய்தி வந்தது.

"போயிட்டு வரேன் அண்ணே" என்றது மீன்கொத்தி.

"நேத்துலேர்ந்து சட்டம் மாறிடுச்சு தம்பி. வெளியே போனா திரும்ப விடமாட்டோம். 'போறேன்'னு சொல்லு, எழுதிக்கிறேன்."

மீன்கொத்தியின் ஊரில் அப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் கிளம்பியதில்லை.

"ஒரு வார்த்தைதானே?" என்றது ஆமை. வீட்டை முதுகிலேயே வைத்திருக்கும் அதற்கு, யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டி வந்ததே இல்லை.

மீன்கொத்தி ஏரியை ஒருமுறை பார்த்தது.

"நீங்களே எழுதிக்குங்க அண்ணே. நான் சொல்ல மாட்டேன்" என்றபடி பறந்தது.