சரிவில் கிளம்பும் நாற்காலி

ஜன்னல் வெயில் கணினித் திரையில் அடிக்க, அக்கா ஒரு கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறாள். போன வாரம் தம்பியின் மின்சாரச் சக்கர நாற்காலி சரிவில் கிளம்பும்போது பின்னால் உருண்டு அவனைக் கவிழ்த்துவிட்டது. அந்த நாற்காலியின் மோட்டாரைக் கணினி மாதிரியாகத் திரையில் ஓடவிட்டு, உள்ளே காந்தம் நிற்கும் கோணத்துக்கேற்ப மின்னோட்டம் பாயும்படி காலையிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஓட்டிய நாற்பது தடவையும் வேகக் கோடு முதலில் பூஜ்யத்துக்குக் கீழேதான் இறங்கியது; அதாவது நாற்காலி பின்னால்தான் உருண்டது. கோணத்தை இன்னும் கொஞ்சம் மாற்றிவிட்டு, பக்கத்தில் இருக்கும் தம்பியிடம், “உன் எடை எவ்வளவுடா?” என்கிறாள். “அறுபதுன்னு போடு.” “பொய் சொன்னா விழப்போறது நீதான்.” “சரி, எழுபத்திரண்டு.” அதைப் போட்டுப் பொத்தானைத் தட்டுகிறாள். கோடு நடுங்காமல் நேரே மேலேறுகிறது. தம்பி எட்டிப் பார்க்கிறான். “அப்போ போலாமா?” “இரு,” என்றபடி, திரையில் சரிவை இன்னும் செங்குத்தாக்கி மறுபடி தட்டுகிறாள்.