ஒரே துப்பாக்கி

மத்தான்சாஸ் நகரின் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் கூடத்தில் மின்சாரம் இல்லை. கூரை ஓட்டை வழியாக விழும் காலை வெயிலில்தான் குறியட்டை தெரிகிறது. இரவு முழுக்க மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு நேரே வந்திருக்கிற நர்ஸ் ஒடால்மிஸ், தான் சுட்டு முடித்த காற்றுத் துப்பாக்கியைத் தோழி மிக்டாலியாவிடம் நீட்டுகிறாள். இருவருக்கும் இருப்பது அது ஒன்றுதான். நாளைய தேர்வில் தேசிய அணிக்குப் போகப்போவதும் இருவரில் ஒருத்திதான். "தூங்கிடாதடி, நான் சுடுறதப் பாரு," என்கிறாள் மிக்டாலியா. "தூங்க எங்க விடுற நீ?" ஒடால்மிஸ் நாற்காலியில் சரிந்து தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறாள். கழுத்து வலிக்கிறது. வெளியே யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். 'டப்' என்ற மெல்லிய சத்தத்தோடு குண்டு அட்டையின் ஓரத்தைத் துளைக்கிறது. அடுத்ததும் அங்கேயே. விசையை இழுக்கும் நொடியில் மிக்டாலியா மூச்சை விட்டுவிடுவது ஒடால்மிஸுக்குக் கேட்கிறது. அது மிக்டாலியாவுக்கே தெரியவில்லை. "என்னடி தப்பு பண்றேன்?" ஒடால்மிஸ் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வியர்வை இமையில் இறங்கி எரிகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாளைக்கு இடம் தனக்குத்தான். மிக்டாலியா துப்பாக்கியைத் தாழ்த்தாமல் காத்து நிற்கிறாள். "விசைய இழுக்கறப்பவே மூச்ச விட்டுடுற," என்கிறாள் ஒடால்மிஸ் கடைசியில். "பிடிச்சுக்கிட்டு சுடு." மறுபடி 'டப்'. "எங்க பட்டுச்சு?" "நடுவுலடி, நட்டநடுவுல," என்று சொல்லிவிட்டு ஒடால்மிஸ் கண்ணை மூடிக்கொள்கிறாள்.