டிஸ்க் எழும் வரை

இன்று இயங்காவிட்டால் ஆய்வகத்தின் பழைய கணினிகள் காயலான் கடைக்குப் போய்விடும். மாணவி ஜெனிட்டா அவற்றுக்காகவே லினக்ஸ் இயங்குதளத்தைச் செதுக்கியிருந்தாள். வேண்டாத நிரல் துண்டுகளான மாட்யூல்களை எல்லாம் நீக்கியிருந்தாள். ஒரு கணினியின் பொத்தானை அழுத்தினாள். திரை கருப்பாகவே நின்றது.

“எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டியேம்மா, ஹார்ட் டிஸ்க்கைத் தேடவாவது ஒண்ண விட்டு வச்சியா?” என்று சிரித்தார் ஆய்வகப் பொறுப்பாளர் மோசஸ்.

“வச்சிருக்கேன் சார். டிஸ்க் கிழடு, எந்திரிக்க நேரமாகும். அதுவரைக்கும் லினக்ஸைக் காத்திருக்கச் சொல்லியிருக்கேன்.”

“எவ்வளவு நேரம்?”

“அது வர்ற வரைக்கும்.”

அவர் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். ஜெனிட்டா அவர் கையைப் பிடித்துக் கணினிப் பெட்டியின் மேல் வைத்தாள். உள்ளே டிஸ்க் சுழல, உள்ளங்கைக்குக் கீழே தகரம் லேசாக அதிர்ந்தது. திரை இன்னும் கருப்பாகத்தான் இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.